ஆவுடைநாயகி டீச்சரின் புகழாரம்

ஆலங்குறிச்சி ஆரம்பப் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்து, கடைசிப் பன்னிரண்டு வருஷம் தலைமையாசிரியையாகவும் இருந்து, ஆவுடைநாயகி டீச்சர் ஓய்வு பெற்ற நாளில், ஊர் திரண்டு நடத்திய பாராட்டு விழா மேடையில் அவள் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. அதை யாரும் கடையில் வாங்கவில்லை, யாரும் தொடுக்கவில்லை, யாரும் எழுந்து வந்து போடவும் இல்லை.

வழக்கமான விழாதான். மைதானத்தில் துணிப்பந்தல், பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைமேல் மடிப்புக் கலையாத சால்வைகள், வடையும் காபியும் வந்து காத்திருந்த வெயில் தாழ்ந்த நேரம். மைக்செட் கடை வைத்திருக்கும் சிவனணைந்தான், ஒலிபெருக்கியும் தானே தந்து வாழ்த்துரையும் தானே பேசுகிறவன், டீச்சரிடம் அ எழுதப் பழகியவன், மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஆரம்பித்தான்.

"இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால ஆறு கரையை ஒடைச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்த அன்னைக்கு, இந்தப் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில முப்பத்தொரு பிள்ளைகளை ஏத்தி உசுரைக் காப்பாத்துனவுக நம்ம டீச்சர். அந்த முப்பத்தொண்ணுல நானும் ஒருத்தன். சொந்தத் தம்பி மவளையே தண்ணிக்குப் பறிகொடுத்துட்டு, ஊர்ப் பிள்ளைகளைக் கரை சேத்த நம்ம டீச்சருக்கு நான் புகழாரம் வழங்கிக்கொள்கிறேன்!"

வெள்ளத்துப் பேச்சு வருகிற இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் திருப்பிவிடுவது டீச்சரின் வழக்கம். அன்றைக்கும் நாற்காலியில் இருந்தபடியே எட்டிச் சொன்னாள்.

"புகழாரத்தை வழங்க முடியாதுலே. ஆரம்னா மாலை. பந்தியில சோறா வழங்குறதுக்கு? சூட்டுகிறேன்னு சொல்லு."

மைக் அதையும் வாங்கி ஊருக்குச் சொல்லிவிட்டது. கூட்டம் சிரித்தது. சிவனணைந்தான் காதுவரை சிவந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பையனாகவே மாறி, நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"எங்கள் ஆவுடைநாயகி டீச்சருக்கு நான் புகழாரம் சூட்டுகிறேன்."

அவன் வாய் மூடவும் மாலை அவள் கழுத்தில் இருந்தது. வெள்ளைப் பூ, ஒவ்வொரு பூவின் அடியிலும் மெல்லிய சிவப்புக் கோடு, மழை ஓய்ந்த பிறகு பள்ளிக்கூட வராந்தாவில் வருமே ஒரு வாசனை, அந்த வாசனை. கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த பூக்கார வேலம்மாள் மட்டும் மேடையேறி வந்து மாலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாரும் இல்ல, நூலும் இல்ல. ஒரு பூ இன்னொரு பூவோட கையப் புடிச்சிக்கிட்டு நிக்கி" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய் வடை சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து கழற்றப் பார்த்தபோதுதான் அது தலை வழியே வரவில்லை என்று தெரிந்தது. தம்பி மனைவி பாக்கியத்தாய் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். கத்தரி வெட்டிய இடம் தண்ணீரை வெட்டிய இடம் மாதிரி உடனே சேர்ந்துகொண்டது. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு இந்த இரண்டு பெண்களும் ஒரே வீட்டில், ஒரே உலையில், அதிகம் பேச்சில்லாமல் இருந்தார்கள். வெள்ளம் கொண்டுபோன செண்பகம், மூன்றாம் வகுப்புப் படித்த எட்டு வயதுச் செண்பகம், பாக்கியத்தாய் பெற்ற ஒரே பிள்ளை. அந்தப் பெயர் அந்த வீட்டில் இருபத்தெட்டு வருஷமாக வாய்விட்டுச் சொல்லப்படவில்லை.

"கெடக்கட்டும் மதினி, ரெண்டு நாள்ல வாடி உதுந்துரும்" என்றாள் பாக்கியத்தாய்.

மாலை வாடவில்லை. வளர்ந்தது. யாராவது ஒருவர் டீச்சரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் ஒரு பூ கூடியது. டீக்கடையில் சொன்னாலும் கூடியது, தபால் நிலையத்தில் சொன்னாலும் கூடியது, பம்பாயில் வேலை பார்க்கிற பழைய மாணவன் போனில் தன் மனைவியிடம் சொன்னால்கூட இங்கே ஒரு பூ சத்தமில்லாமல் கூடியது. ஆனி மாதம் மார்பில் கிடந்தது, ஆடியில் முழங்காலைத் தொட்டது, ஆவணியில் அவள் நடந்தால் பின்னால் தரையில் இழுபட்டு வந்தது, புரட்டாசி பிறந்தபோது டீச்சர் ரேஷன் கடை வரிசையில் நின்றால் மாலையின் வால் இன்னும் வீட்டு நடையில் கிடந்தது.

ஊர் அதற்கு ஏற்றமாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. காலை எட்டு மணிப் பேருந்தின் ஓட்டுநர் பூமாலையின் வால் சாலையைக் கடந்து முடிகிற வரை என்ஜினை அணைத்துவிட்டு ஒரு பீடி பிடித்தார். தெருவில் மேய்ந்த ஆடுகள் முதல் நாள் மோந்து பார்த்தன, அதன் பிறகு அதன் ஓரமாகப் படுத்து அசைபோடக் கற்றுக்கொண்டன. மாலையைக் காலால் தாண்டக் கூடாது, குனிந்து தூக்கி அடியில் நுழைந்துதான் போகவேண்டும் என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் செய்தார்கள். அதனால் ஆலங்குறிச்சிக்காரர்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை குனிந்து நிமிர்ந்து, நாரிப்பிடிப்பு, இடுப்புவலி என்ற பேச்சே ஊரில் குறைந்துபோனது. வெளியூரிலிருந்து வந்து வழி கேட்கிறவர்களிடம், "இந்த மாலை போற வழியே போங்க, டீச்சர் வீடு வந்துரும், அதுக்கு மூணாவது வீடு நீங்க கேக்குறது" என்றார்கள். கீழத்தெருக்காரர்கள் தங்கள் தெருவுக்கு மாலை வருவதே இல்லை என்று குறைப்பட்டு வந்து நின்றபோது, டீச்சர் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பக்கமாகப் போய் வருவது என்று முடிவானது. வாலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்க வீட்டுக்கு ஒரு ஆள் என்று முறை வைத்தார்கள். வேலம்மாள் முதலில் தன் வியாபாரம் கெட்டுவிடும் என்று பயந்தாள். ஒரு பூவைக்கூடப் பறிக்க முடியாது என்று தெரிந்ததும், "டீச்சர் மாலைக்குப் பக்கத்துல வச்ச பிச்சி" என்று கூவி விற்றாள்.

ஊர் சந்தோஷமாக இருந்தது. டீச்சர்தான் குனிந்துகொண்டே வந்தாள்.

தனித்தனியே பார்த்தால் பூவுக்குக் கனமில்லை. ஆயிரம் பூ, பத்தாயிரம் பூ, லட்சம் பூ என்று சேர்ந்தபோது அது ஈரச் சாக்கை எந்நேரமும் பிடரியில் சுமக்கிற கனமாகிவிட்டது. கழுத்து முன்பக்கம் வளைந்தது. ஆளை முகம் பார்த்துப் பேச முடியவில்லை, செருப்பைப் பார்த்துத்தான் யாரென்று கண்டுகொண்டாள். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே கண்ணயர்ந்தாள். பாக்கியத்தாய் தினமும் மாலையைக் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி முற்றத்தில் வைப்பாள், பழைய துண்டை நாலாக மடித்து மதினியின் பிடரிக்கும் பூவுக்கும் நடுவே செருகுவாள், கன்றிப்போன இடத்தில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைப்பாள்.

"இப்படியே போனா ஐப்பசிக்குள்ள தல தரையத் தொட்டுரும் மதினி" என்றாள் ஒருநாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'என்னை யாரும் எதற்காகவும் புகழவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.' அதைப் பஞ்சாயத்து அலுவலகத்துப் பலகையில் ஒட்டச் சொன்னாள். காலையில் ஒட்டினார்கள். வாசித்தவர்கள் எல்லோரும், எப்பேர்ப்பட்ட மனுஷி, கொஞ்சமாவது தலைக்கனம் இருக்கா பாரு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாலை பதினோரு முழம் கூடியது.

அன்று சாயங்காலம் சிவனணைந்தான் வந்தான். அவன் இளைத்திருந்தான். தான் சொன்ன ஒரு சொல்லால்தான் இவ்வளவும் என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, "சூட்டிய புகழாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று மூன்று நாள் தெருத்தெருவாகச் சொல்லிப் பார்த்திருந்தான். ஒரு இதழ்கூட அசையவில்லை. டீச்சரின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"கழத்தவே முடியாதா டீச்சர்?"

"அந்தச் சொல்லுக்கு ஒரே வினைதான்லே. சூட்டுறது. பேப்பர்ல என்னைக்காவது 'புகழாரத்தைக் கழற்றினார்'னு படிச்சிருக்கியா? வாய்தவறி எவனும் அப்படி எழுதிருக்கானா? திரும்ப வாங்குறதுக்கும் அதுல எடமில்ல. யாருக்கு விழுந்துதோ அவுகதான் அதை இன்னொரு கழுத்துக்குச் சூட்டணும். அதுக்கும் நாலு பேரு கூடி நிக்கணும். வீட்டுக்குள்ள பேசுற சொல்லு இல்ல அது, சபையில பேசுற சொல்லு."

"அப்பச் சூட்டிருங்களேன்!"

"சூட்டிப் பாத்துட்டேன்" என்றாள் டீச்சர்.

உண்மைதான். மழைநாளில்கூட ஒரு கடிதம் நனையாமல் கொண்டுவந்து தந்த தபால்காரருக்கு ரேஷன் கடை வரிசையில் வைத்துச் சூட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு இடம் எழுதிக் கொடுத்த குடும்பத்துக்கு வெள்ளிக்கிழமை கீழத்தெருவில் வைத்துச் சூட்டிப் பார்த்தாள். எல்லோரும் நல்லவர்கள், சொன்னதெல்லாம் மெய். மாலை கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தது.

சிவனணைந்தான் வெகுநேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். பிறகு, "இது வெள்ளத்துக்குப் போட்ட மாலை டீச்சர்" என்றான். "வெள்ளத்துக்குள்ள நின்னவுகளுக்குத்தான் போகும்போல. எனக்கு அன்னைக்கு ஏழு வயசு. ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகமிருக்கு. ஒரு இடுப்பு. ஈரச் சேலை, வடிச்ச கஞ்சி வாசனை. அந்த இடுப்புல என்னய இடுக்கிக்கிட்டு யாரோ ஏணியில ஏறுதாக. அது நீங்கதான்னு இம்புட்டு நாளா நெனச்சிருந்தேன். நேத்து வெறுமனே யோசிச்சுக்கிட்டுக் கிடந்தேன். உங்க சேலையில என்னைக்குமே சாக்குக்கட்டி வாசனைதான டீச்சர்?"

முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்த பாக்கியத்தாயின் கை நின்றது. ஊரில் யார் எந்த ஒற்றுப்பிழை செய்தாலும், கல்யாணப் பத்திரிகையானாலும் சுவரொட்டியானாலும், நிறுத்தித் திருத்தாமல் போகாத டீச்சர், இருபத்தெட்டு வருஷமாகத் திருத்தாமல் விட்ட ஒரு பிழை இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் வாசலில் இறங்கி நின்றாள்.

"எங்க மதினி?"

"மணல்கரைக்கு. மாடத்தியப் பாக்க."

மாடத்தி அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவள். வெள்ளம் வடிந்த மறுமாதம், யாரிடமும் சொல்லாமல், பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்துவிட்டு ஊரைவிட்டுப் போனவள். ஆற்றின் கீழ்ப்போக்கில் எட்டு கிலோமீட்டர் தள்ளி மணல்கரையில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள் என்று கேள்வி. பாக்கியத்தாய் மடித்த துண்டை எடுத்து மதினியின் பிடரியில் செருகிவிட்டு, மாலையின் முதல் சுருளைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். மாலை முற்றத்தில் சுருள் சுருளாகப் பிரிந்து அவர்கள் பின்னால் வந்தது. அதைத் தரையில் விடக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து தூக்கினாள், அவளுக்குப் பின்னால் அவள் கொழுந்தன், அவனுக்குப் பின்னால் பேருந்தை நிறுத்திவிட்டு ஓட்டுநர், பின்னால் வேலம்மாள், சிவனணைந்தான், கீழத்தெரு மொத்தமும், பிறகு ஆலங்குறிச்சியில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும். நாற்று நட்ட வயல்களுக்கு நடுவே, தெளிந்த வானத்துக்குக் கீழே, ஆற்றங்கரைப் பாதையில் அந்த வெள்ளை வரிசை வளைந்து வளைந்து போனது. வயலில் நின்றவர்கள் களையெடுப்பை நிறுத்திப் பார்த்தார்கள். கொக்குகள் எழும்பி, கூடவே கொஞ்சதூரம் பறந்து, சலித்துத் திரும்பின. எங்கே போகிறோம் என்று பின்னால் இருந்தவர்கள் கேட்டார்கள். பதில் வாய்வாயாகப் பின்னால் போய்ச் சேர்வதற்குள் முன்னால் இருந்தவர்கள் பாதித் தூரம் தாண்டியிருந்தார்கள். மணல்கரையின் முதல் வீட்டை டீச்சர் தொட்டபோது, வாலைப் பிடித்திருந்தவர்கள் ஆலங்குறிச்சி எல்லையை இன்னும் விடவில்லை.

ஆற்றுப் படித்துறைக்கு எதிரே ஓலைச் சாய்ப்பு போட்ட கடை. எழுபது வயது மாடத்தி இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கினாள். ஆவி விலகியது. ஆவிக்கு அந்தப் பக்கம் டீச்சர் நின்றாள்.

"இதென்ன டீச்சர், தேர்வடத்தக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்திருக்கிய?"

ஆச்சரியம் அவ்வளவுதான். அடுத்து, "உள்ள வந்து இருங்க, கால் நோவும்" என்றாள்.

டீச்சர் உட்காரவில்லை. வளைந்த கழுத்தோடு தரையைப் பார்த்தபடியே, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்குத் தண்ணி வந்ததும் மொத ஆளா ஏணியில ஏறி மாடிக்குப் போனது நான். எவ்வளவு தூரத்துக்கு வந்திருக்குன்னு பாக்கத்தான் ஏறினேன். பாத்தேன். அதுக்குப் பெறகு எனக்குக் காலு வரல. கைப்பிடிச் சுவரப் புடிச்சது புடிச்சபடி நின்னேன். கீழ நெஞ்சளவு தண்ணியில நின்னு முப்பத்தொரு பிள்ளைகளையும் ஒண்ணொண்ணா இடுப்புல வச்சு ஏணியில ஏத்துனது இவ. படகுல வந்த அதிகாரிக பாத்தப்ப மாடியில பிள்ளைகளுக்கு நடுவுல ஒரு டீச்சர் நின்னா. அப்படியே எழுதிட்டாங்க. நான் திருத்தல. இந்த மாலை இவளுக்கு உள்ளது. மாடத்திக்கு நான் புக—"

மாடத்தி எட்டி வந்து அவள் வாயைப் பொத்தினாள். மாவு படிந்த உள்ளங்கை.

"சொல்லாதிய. எம்மேல போட்டுராதிய டீச்சர், ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

அவள் எட்டி வந்த வேகத்தில் மாலை ஒருமுறை குலுங்கியது; அந்தக் குலுக்கல் கைமாறிக் கைமாறி, வயல் தாண்டி, ஊர்வரை போயிற்று.

"நீங்க பேர எடுத்துக்கிட்டிய, அதனாலதான் நான் உசுரோட இருக்கேன்" என்றாள் மாடத்தி. "இல்லன்னா ஊரு என்ட்டல்லா வந்து கேக்கும்? முப்பத்தொண்ண ஏத்துனியே, முப்பத்திரெண்டாவத எங்கட்டின்னு கேக்கும். இந்தா, நிக்காளே பெத்தவ, இவ கேப்பா. அதுக்குப் பயந்துதான் ராத்திரி பகலா அழுது ஊரவிட்டு வந்தேன். நீங்க ஒத்த வார்த்த சொல்லாம இருந்தியள்லா, எம்மேல எரக்கப்பட்டுத்தான் இருக்கியன்னு நெனச்சு, தெனமும் அடுப்பு மூட்டும்போது ஒங்கள நெனச்சுக்கிடுவேன்."

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் திருடியதாக நினைத்து இத்தனை வருஷம் குன்றிக்கிடந்த ஒன்றை, இன்னொருத்தி தனக்குச் செய்த உபகாரமென்று கும்பிட்டிருக்கிறாள். அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பாக்கியத்தாய் தோளிலிருந்த சுருளை மெதுவாக இறக்கிவைத்தாள்.

"கேக்க மாட்டேன்னு நெனச்சியளா ரெண்டு பேரும்?" என்றாள். குரல் உயரவில்லை. "தண்ணி கொண்டுட்டுப் போயிட்டுன்னாக. சரின்னேன். எப்படின்னு யாரும் சொல்லல. இருபத்தெட்டு வருசமா ஒவ்வொரு நாளும் நானே ஒரு விதமா நெனச்சுக்கிட்டேன். கத்திருப்பா, என்னயக் கூப்பிட்டிருப்பா, தனியா எங்கயோ ஒரு மூலையில பயந்து நின்னுருப்பான்னு. இப்பச் சொல்லுங்க. எம் மவ எங்க நின்னா?"

மாடத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"மூலையில நிக்கல தாயி. ஏணிக்கடியில நின்னா. நான் ஒரு பிள்ளைய மாடியில விட்டுட்டு எறங்குததுக்குள்ள, அடுத்த பிள்ளையத் தூக்கி ரெடியா வச்சுக்கிட்டு நிப்பா. எட்டு வயசுப் பிள்ளை, அவ கழுத்துக்குத் தண்ணி. திண்ணமா நின்னு, அழுத பிள்ளைகிட்ட எல்லாம், 'ஒண்ணுமில்ல, கண்ண மூடிக்கோ, மேல எங்க அத்தை நிக்காக'ன்னு சொல்லிச் சொல்லி ஏத்தி விட்டா. நீ ஏறுட்டின்னு மூணு மட்டம் சொன்னேன். 'சின்னப் பிள்ளைக மொதல்ல, பெரியாயி'ன்னா. முப்பத்தொண்ணும் ஏறியாச்சு. கடைசியா அவளுக்கு எறங்குனேன். கையப் புடிச்சேன். புடிச்ச கையில பலமிருந்துச்சு தாயி, அந்தப் பிள்ளைக்கும் இருந்துச்சு. சமையக்கட்டுச் சுவரு சாஞ்சு அல வந்து அடிச்சிட்டு. கையி வழுக்கிட்டு." அவள் தன் கையைப் பார்த்தாள். "கத்தல. கூப்பிடல. அதுக்கெல்லாம் நேரமில்ல."

"நானும் மேல நின்னு பாத்தேன் பாக்கியம்" என்றாள் டீச்சர். "அவ ஏத்தி விட்டதையும் பாத்தேன். போனதையும் பாத்தேன். சொல்லணும்னா, நான் எங்க நின்னேன்னும் சொல்லணும். அதான் சொல்லல. ஒன் பிள்ளையோட சாவக்கூட ஒனக்குத் தராம வச்சிருந்தேன்."

சிவனணைந்தான் முன்னால் வந்தான். முப்பத்தைந்து வயது மனிதன், கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

"கண்ண மூடிக்கோன்னு ஒரு குரல்" என்றான். "எனக்கு ஞாபகமிருக்கு. கனவுன்னு நெனச்சேன்."

கூட்டத்தில் அங்கங்கே வேறு சிலரும் தலையசைத்தார்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர், மூன்று பிள்ளைக்குத் தாயான ஒருத்தி, வரிசையின் நடுவே எங்கோ நின்ற ஒரு போலீஸ்காரர். கண்ணை மூடிக்கொண்டு ஏறியவர்கள் தங்களைத் தூக்கியது யார் என்று பார்க்கவில்லை; ஆனால் ஒவ்வொருவருக்கும் அந்தக் குரல் எங்கோ உள்ளே கிடந்திருக்கிறது. அது யாருடையது என்று இப்போதுதான் தெரிந்தது.

டீச்சர் தரையில் கையூன்றி எழுந்தாள். பாக்கியத்தாய் ஒரு பக்கமும் மாடத்தி ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். வாழ்க்கை முழுக்க அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பிரித்துக் காட்டி, புகழ் கூட்டல் ஆரம், வாக்கியத்தில் அமைத்து எழுதுக என்று பிள்ளைகளிடம் கேட்டவள், ஒரு தடவையாவது அதை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்ததில்லை. இப்போது, ஆற்றைப் பார்த்து நின்று, ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய இடம் கொடுத்துச் சொன்னாள்.

"மூன்றாம் வகுப்பு மாணவி செண்பகத்துக்கு, அவளுடைய அத்தையாகிய நான், இந்த ஊர் அறியப் புகழாரம் சூட்டுகிறேன்."

மாலை அவள் கழுத்திலிருந்து இறங்கியது. யாரோ சின்னப் பிள்ளை தோளிலிருந்து இறங்குகிற மாதிரி, முதுகில் சறுக்கி, இடுப்பைத் தொட்டு, தரையில் கால் வைத்துப் போயிற்று. படித்துறையின் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கித் தண்ணீரைத் தொட்டது. ஆறு அதை வாங்கிக்கொண்டது. பின்னால் ஆலங்குறிச்சி வரை நீண்டிருந்த அத்தனை நீளமும் கைகளிலிருந்து கைகளுக்கு நகர்ந்து, வயல்களைத் தாண்டி, கடையைத் தாண்டி, ஆற்றுக்குள் போகத் தொடங்கியது. யாரும் இழுக்கவில்லை. கையை விடவேண்டாம், வழி மட்டும் விட்டால் போதும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது; உள்ளங்கைகளுக்கு நடுவே பூக்கள் ஓடிப்போவதை உணர்ந்தபடி நின்றார்கள். வெயில் ஏறியது, உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. மாடத்தி நின்றவர்களுக்கெல்லாம் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு கையால் தின்றார்கள். ஆற்றில் வெள்ளையாக ஒரு கோடு வளைவு திரும்பி, அடுத்த வளைவும் திரும்பி, கடல் இருக்கிற திசையில் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பூ படித்துறையில் இறங்கும்போது பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகியிருந்தது.

டீச்சர் கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்து வளைந்த பிறகு அவள் முதலில் பார்த்த முகம் பாக்கியத்தாயுடையது. அதில் கோபம் இருந்தது. போகப்போகத்தான் தீரும் கோபம் அது, சிலவேளை தீராமலும் போகலாம். பாக்கியத்தாய் அதை மறைக்கவில்லை. மதினியின் பிடரியில் இன்னும் செருகியிருந்த துண்டை உருவி எடுத்து, உதறி, தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து ஊரைப் பார்க்க நடந்தது. மாடத்தி கொப்பரையைக் கழுவக் குனிந்தாள். பாக்கியத்தாய் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எந்தக் கையில புடிச்சிருந்திய அக்கா, எம் பிள்ளைய?"

மாடத்தி கழுவுவதை நிறுத்தினாள். இடது கையை நீட்டினாள். ஈரமாக இருந்தது, மாவு ஒட்டியிருந்தது, வயதில் தோல் சுருங்கியிருந்தது. பாக்கியத்தாய் அந்தக் கையை இரண்டு கைகளாலும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆற்றில் வெளிச்சம் மங்குகிற வரை விடவில்லை.